நாங்கள் வேகமாக்கிய பாட்டு: காஜா பெராங்கில் நாரா அங்கிளைப் பார்க்கப் போனேன்

போன மாதம் ஒரு சனி, ஞாயிறு மலாக்கா போய்வந்தேன். இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் கார் இல்லாதவள். பஸ்ஸிலும் ரயிலிலும் போகக்கூடிய இடங்களைப் பற்றித்தான் எழுதுவேன். எந்த விடுதியில் வெந்நீர் ஒழுங்காக வரும், எங்கே சாப்பிடலாம், எவ்வளவு செலவாகும், இவ்வளவுதான் என் சரக்கு. அதெல்லாம் இதிலும் உண்டு. ஆனால் இந்த முறை ஊர் பார்க்கப் போகவில்லை. அங்கே காஜா பெராங் என்ற பகுதியில் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

பின்கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பயணம் புரியாது.

என் சொந்த ஊர் கிள்ளான். 1996, 97 இரண்டு வருஷமும் மலாக்காவில் ஒரு தொழிற்கல்லூரியில் படித்தேன். காஜா பெராங் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியில் அறை. அப்போது நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பங்க் இசைக்குழு வைத்திருந்தோம். பங்க் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கிட்டாரில் மூன்று கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு, தெரிந்தால் போதும், கண்மூடித்தனமான வேகத்தில் வாசிக்க வேண்டும், பாடுவதற்குப் பதில் கத்த வேண்டும். நான் பேஸ் கிட்டார். என் வகுப்பில் படித்த கண்ணன் பாடுவான். குழுவுக்குத் தலைவனும் அவன்தான். இன்னொரு கிட்டாருக்கு ஒரு சீனப் பையன், டிரம்ஸுக்கு ஒரு மலாய்ப் பையன்.

எங்களுக்குச் சொந்தமாகப் பாட்டு எழுத வராது. அதனால் அறுபதுகளில் வந்த மலாய் பாப் பாட்டுகளை எடுத்துக்கொள்வோம். சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்களில் ஊருக்கு ஊர் இளைஞர்கள் கிட்டார் வாங்கி, ஒரே மாதிரி கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு பாடினார்களே, அந்தக் காதல் பாட்டுகள். மூன்றரை நிமிடப் பாட்டை ஒன்றேமுக்கால் நிமிடத்தில் முடிப்போம். எங்கள் அப்பா அம்மா காலத்து மெட்டு என்பதால் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், எங்களோடு சேர்ந்து கத்துவார்கள். பாசத்தில் செய்தீர்களா கிண்டலாகச் செய்தீர்களா என்று அன்று யாராவது கேட்டிருந்தால் பாசம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மலாக்கா டவுனில் ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் எனக்கு ஒரு சின்ன இசைத்தட்டு கிடைத்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே பாட்டு. உறையில் கோட்டு போட்ட ஐந்து இளைஞர்கள். வீட்டுக்காரம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், "நடுவுல நிக்கிறது நாரா இல்ல? சிட்டி கம்போங்ல இருக்காரே, அவருதான். டெய்லி இந்த வழியாத்தான வேலைக்குப் போறாரு" என்றார்.

மலாக்கா சிட்டிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பல தலைமுறைக்கு முன்னால் வந்து இங்கேயே குடும்பமாகிப்போனவர்கள், பெயரும் கோவிலும் நம்முடையவை, வீட்டில் பேசுவது மலாய். நாரா அங்கிள் என்று நான் கூப்பிட்ட நாராயணன் கம்போங் என்கிற அவர்கள் குடியிருப்பில் தங்கை குடும்பத்தோடு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒரு மருந்துக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். அந்த இசைத்தட்டின் ஒரு பக்கத்துப் பாட்டு அவர் எழுதி, மெட்டமைத்து, பாடியது. அதற்குப் பிறகு அவர் குழு எதுவும் பதிவு செய்யவில்லை.

நான் போய் அனுமதி கேட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவரே எங்கள் ஒத்திகைக்கு வந்தார். பாச்சாங் என்ற பகுதியில் ஒரு டயர் கடையின் மாடி அது. நாங்கள் வாசிப்பதை முதல் தடவை கேட்டுவிட்டு, "ஏன் இவ்ளோ அவசரம்? பின்னால நாய் தொரத்துதா?" என்று கேட்டுச் சிரித்தார். அவரால் எங்கள் வேகத்துக்குப் பாட முடியவில்லை. அப்புறம் அவரே ஒரு யோசனை சொன்னார். முதல் சரணத்தை நீங்கள் உங்கள் வேகத்தில் பாடுங்கள், இரண்டாவது சரணத்தில் எல்லோரும் நிறுத்திவிடுங்கள், நான் மட்டும் ஒரு கிட்டாரோடு பழைய வேகத்திலேயே பாடுகிறேன், முடிந்ததும் மறுபடி நீங்கள் பாயுங்கள். செய்து பார்த்தோம். அவர் பாடி முடித்து நாங்கள் மறுபடி உள்ளே விழுந்தபோது டிரம்ஸ் பையன் குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். அந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். யாரும் பதிவு செய்து வைக்கவில்லை.

97 ஆகஸ்டில் டவுனுக்குள் பண்டார் ஹிலிரில் நடக்கப்போகும் பங்க் நிகழ்ச்சிக்கு அவரும் எங்களோடு மேடை ஏறுவதாக முடிவாயிற்று.

இந்த வருஷம் ஏப்ரலில் யாரோ ஒருவர், நாங்கள் அந்தக் காலத்தில் பதிவு செய்த கேசட்டிலிருந்து, முழுக்கக் கண்ணனே பாடிய அந்தப் பாட்டை இணையத்தில் ஏற்றியிருந்தார். கீழே ஒரு பெண் மலாயில் எழுதியிருந்தார்: இது என் மாமா எழுதிய பாட்டு, அவருக்கு எண்பது வயதாகிறது, இன்னும் காஜா பெராங்கில்தான் இருக்கிறார். எழுதியவர் பெயர் ரத்னா, நாரா அங்கிளின் தங்கை மகள். அவருக்கு எழுதினேன். ஒரு சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வாருங்கள், மாமா சந்தோஷப்படுவார் என்று பதில் வந்தது.

போவதற்கு முந்தின வாரம் கண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஜொகூரில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். "எந்த அங்கிள்?" என்று கேட்டான். நடிக்கவில்லை, உண்மையிலேயே அவனுக்கு நினைவில்லை.

சனிக்கிழமை காலை 6.20க்குக் கிள்ளானில் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் மாறி, பண்டார் தாசிக் செலாத்தான் போய்ச் சேர 7.55 ஆயிற்று. அங்கேயே பஸ் நிலையம். 8.30 பஸ், மலாக்காவுக்கு 15 வெள்ளி (ரிங்கிட்) 40 சென். சுமார் 135 கிலோமீட்டர். பஸ்ஸில் குளிர் அதிகம், ஒரு ஸ்வெட்டர் அவசியம். இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் காலை வெயில் முகத்தில் அடிக்கும். நான் அங்கேதான் உட்கார்ந்தேன். சிரம்பான் தாண்டுவதற்குள் இருபது நிமிட நெரிசல். அதில் பஸ் நின்றுகொண்டிருந்தபோது, அவரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்த்தேன். அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிறு, பகல் இரண்டு மணிக்கு ஆரம்பம். ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் மண்டபம். சுதந்திரத்தின் நாற்பதாவது வருஷம் என்று தெரு முழுக்கக் கொடி கட்டியிருந்தார்கள். ஆறு குழுக்கள், நாங்கள் நான்காவது. ஒன்றரை மணிக்கெல்லாம் கோலாலம்பூரிலிருந்து வந்த கூட்டம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. தலைமுடியைச் சேவல் கொண்டை மாதிரி நிறுத்தியவர்கள், கிழிந்த கால்சட்டைக்காரர்கள். அவர்களைப் பார்த்ததும் கண்ணனுக்குப் பயம் வந்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்கிள் வேணாம் சாந்தி. கோட்டு போட்டுக்கிட்டு அவரு மேடை ஏறுனா இவனுங்க சிரிப்பானுங்க. நாம காமெடி ஆயிருவோம். நீதான கூட்டிட்டு வந்த, நீயே சொல்லிரு" என்றான்.

நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்பதை இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் பேஸ் வாசிக்கும் ஒரே பெண் நான். எனக்கும் யாரும் சிரிக்கக்கூடாது என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் தேடினாலும் கிடைக்கவில்லை.

சரி என்று சொன்னேனே தவிர, போய்ச் சொல்லவில்லை. கீழே வாசலில் நின்றிருந்தால் அவர் வரும்போது பிடித்திருக்கலாம். இரண்டு மணி நேரம் இருந்தது. மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஏற்கெனவே சுருதி சேர்த்த கிட்டாரைத் திரும்பத் திரும்பச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

3.40க்கு மேடை ஏறினோம். நான்கு பாட்டு, அவருடையது கடைசி. மூன்றாவது பாட்டின்போதே அவரைப் பார்த்துவிட்டேன். என் பக்கத்துக் கதவோரம் நின்றிருந்தார். பழுப்பு நிறக் கோட்டு, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். அவர் பாட்டு ஆரம்பித்ததும் கோட்டின் பொத்தானைப் போட்டார். முதல் சரணம் முடியும் இடத்தில் ஒரு எட்டு முன்னால் வைத்தார். நாங்கள் நிறுத்தவில்லை. இரண்டாவது சரணத்தையும் கண்ணனே அதே வேகத்தில் கத்தினான். அவர் அந்த ஒரு எட்டைப் பின்னால் வைத்துக்கொண்டார். நான் குனிந்து என் விரல்களைப் பார்த்து வாசித்தேன். பாட்டு முடிந்து நிமிர்ந்தபோது கதவோரம் யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்துச் சாலையில் ரொட்டிக் கடை வாசலில் அவர் நின்றிருந்தார். என்னைப் பார்ப்பதற்குள் சந்துக்குள் திரும்பிவிட்டேன். அதன் பிறகு கல்லூரிக்கு வேறு வழியாகப் போனேன். நவம்பரில் அறையைக் காலி செய்து கிள்ளான் வந்துவிட்டேன்.

பஸ் 10.50க்கு மலாக்கா சென்ட்ரலை அடைந்தது. அங்கிருந்து காஜா பெராங் மூன்று கிலோமீட்டர்தான். கைப்பேசியில் கூப்பிட்டால் கார் வரும். எனக்கு 8 வெள்ளி ஆயிற்று. ஓட்டியவர் தமிழர், அறுபது வயதிருக்கும்.

"சிட்டி கம்போங்காம்மா? மியூசியம் பாக்கவா?"

"இல்லண்ணே. தெரிஞ்சவங்க வீடு."

"சனிக்கெழம ஜாம் லா. டவுன் பக்கம் போகாம சுத்திப் போறேன், சரியா? முன்னாடி இங்கன தங்கியிருந்தீங்களா?"

"ரெண்டு வருஷம். படிக்கிறப்ப."

"அப்பறம் வரவே இல்லையா?"

"இல்லண்ணே."

அவர் கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் தங்கியிருந்த கடைவீட்டைக் கடந்தோம். கீழே இப்போது கண்ணாடிக் கடை.

கம்போங் நுழைவு வளைவுக்குக் கீழே ரத்னா காத்திருந்தார். நாற்பத்து மூன்று வயது, புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சனி ஞாயிறு விடுமுறை. அவர் அம்மா காலமாகிவிட்டார். மாமாவை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் பேசியதெல்லாம் மலாயில்தான். அவர்கள் மலாயில் மாமா, பூசை என்று இடையிடையே தமிழ் எட்டிப்பார்க்கும். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நாரா அங்கிள் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். மிகவும் மெலிந்துவிட்டார். இடது காதில் கேட்கும் கருவி. சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். எனக்காகத்தான் என்று பிறகு ரத்னா சொன்னார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ பேஸ் வாசிச்ச பொண்ணு. தலைய ஒரு பக்கம் செரச்சிருந்த" என்றார்.

"ஆமா அங்கிள்."

"இப்ப முடியெல்லாம் வந்துருச்சு."

மூவரும் சிரித்தோம். சோறு, மீன் குழம்பு, இறால் விழுது சேர்த்து அரைத்த சம்பல் பெலாச்சான், கத்தரிக்காய். அவர் கொஞ்சமாகச் சாப்பிட்டார்; எனக்கு மீன் போடச் சொல்லி இரண்டு முறை ரத்னாவிடம் சொன்னார். என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். கண்ணன் என்ன செய்கிறான் என்று கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்ததும், பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததைத் தொடங்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. அன்னிக்கி நான் லேட்டாயிட்டேன். நீங்க சின்னப் புள்ளைங்க, என்னய நம்பி ரெண்டாவது சரணத்த மாத்தி வச்சிருந்தீங்க. நான் நேரத்துக்கு வந்து சேரல. கடைசி நேரத்துல உங்கள மாட்டிவிட்டுட்டேன். மன்னிச்சுக்கம்மா."

அவர் கையை என் பக்கம் நீட்டியிருந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"பரவால்ல அங்கிள்" என்றேன்.

நான் இதை மாற்றி எழுதப் போவதில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போன மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் மன்னித்தேன். அவர் அதோடு விடவில்லை.

"நான் பாட வேண்டிய எடத்துல என்ன செஞ்சீங்க?"

"எப்படியோ சமாளிச்சிட்டோம் அங்கிள்."

"நல்லது" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிட்டார்.

ரத்னா என்னை வெளிக்கதவு வரை கொண்டுவந்து விட்டார். கதவைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, அன்னிக்கி அவர மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோயி எறக்கிவிட்டது நான்தான். எனக்கு அப்ப பதினேழு வயசு, லைசென்ஸ்கூட இல்ல. ரெண்டர மணிக்கு அந்தப் படிக்கட்டு முன்னாடி எறக்கிவிட்டேன். அவரு லேட்டாப் போகல."

"தெரியும்" என்றேன்.

"சாயங்காலம் நடந்தே வீட்டுக்கு வந்தாரு. அம்மா கேட்டதுக்கு லேட்டாயிருச்சு, பாடலன்னாரு. அம்மா என்னயப் பாத்தாங்க. நான் வாயத் தொறக்கல. அன்னியிலேருந்து யாரு கேட்டாலும் அதத்தான் சொல்வாரு. என்னதான் நடந்துச்சு?"

சொன்னேன். கண்ணன் சொன்னது, நான் போய்ச் சொல்லாதது, கதவோரம் அவரைப் பார்த்தது, எல்லாம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நாளைக் காலை வந்து அவரிடமே சொல்கிறேன் என்றேன்.

"சொல்லித்தான் ஆகணுமா?"

"ஆமா ரத்னா."

"சரி. ஒம்பது மணிக்கு வாங்க. அப்பத்தான் தெளிவா இருப்பாரு" என்றார்.

பண்டார் ஹிலிரில் அறை போட்டிருந்தேன். ஓர் இரவுக்கு 88 வெள்ளி, சுத்தம், வெந்நீர் வருகிறது, ஜன்னல் கிடையாது. ஐந்து மணிக்கு வெளியே வந்து ஜாலான் துக்காங் எமாஸ் வரை நடந்தேன், இருபது நிமிடம். வழக்கமாக இந்த இடத்தில் நான் நிறைய எழுதியிருப்பேன். ஒரே தெருவில் 1781இல் எழுந்த விநாயகர் கோவிலும் கம்போங் கிலிங் பள்ளிவாசலும் இருக்கின்றன. நிதானமாகப் பார்த்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். நான் கோவிலுக்குள் போய் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். திரும்பி வரும் வழியில், நிகழ்ச்சி நடந்த கட்டடத்தைத் தேடிப் பிடித்தேன். கீழே சுற்றுலாப் பயணிகளுக்குப் பை விற்கிறார்கள். மாடிக்குப் போகும் படிக்கட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். கைப்பேசியில் தூரம் போட்டுப் பார்த்தேன். அங்கிருந்து நாரா அங்கிள் வீடு 2.6 கிலோமீட்டர். அந்த வெயிலில் கோட்டைப் போட்டுக்கொண்டா நடந்தார், கையில் வைத்துக்கொண்டா என்று தெரியவில்லை.

ஞாயிறு காலை நானும் நடந்தே போனேன். 8.25க்குக் கிளம்பி 9 மணிக்கு வீட்டு வாசலில் இருந்தேன். அங்கிள் பால் இல்லாத கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ மறந்துவிட்டுப் போய்விட்டேன் என்று நினைத்து, "என்ன விட்டுட்டுப் போன?" என்றார்.

அவருக்குக் கேட்கும் காதுப் பக்கமாக முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ரத்னா அடுப்பங்கரை வாசலில் நின்றார்.

"அங்கிள், நேத்து நீங்க மன்னிப்புக் கேட்டீங்க. நான் பரவால்லன்னு சொன்னேன். அது தப்பு. நீங்க லேட்டாகல. நாங்கதான் உங்களப் பாட விட வேணாம்னு முடிவு பண்ணோம். என்னய உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"நான் ரெண்டரைக்கே வந்துட்டேன்" என்றார்.

"தெரியும் அங்கிள்."

"வாசல்ல இருந்தவனுக்கு என்னய யாருன்னு தெரியல. டிக்கெட் வாங்கிக்கிட்டு உள்ள வந்தேன். மேடைக்குப் பின்னால எப்படிப் போறதுன்னு புரியல. கதவோரமா நின்னேன். நீங்க நிறுத்தாம பாடுனதும், ஓ, இவங்க என்னயப் பாக்கல, நான் வரலன்னு நெனச்சுக்கிட்டாங்கன்னு புரிஞ்சுது. முன்னாடியே வந்து உங்க கண்ணுல பட்டிருக்கணும். என் தப்புதான். வீட்டுல அத வெளக்கிச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. லேட்டுன்னு சொல்லிட்டேன்."

நான் குனிந்து என் விரல்களைப் பார்த்தேன். அதுவே அவருக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியா என்னய?"

இங்கே நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கள் முடிவை ஒப்புக்கொண்டாயிற்று, இந்த ஒன்றை மட்டும் அவருக்கு விட்டுவைத்திருக்கலாம். அந்த நொடியில் எனக்கு அது தோன்றவில்லை. உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது.

"பாத்தேன் அங்கிள்."

"நான் முன்னாடி வந்ததையுமா?"

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. நேற்று என் கையைப் பிடித்த கை, நாற்காலிப் பிடியின் மேல் இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன், துணிச்சல் வரவில்லை. மன்னிச்சிருங்க அங்கிள் என்று சொன்னேன். மூன்று முறை சொன்னேன் என்று நினைக்கிறேன். அதற்கு அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

"ஒனக்குப் பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

"பன்னண்டரைக்கு அங்கிள்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்துகூட ஆகவில்லை. "ஞாயித்துக்கெழம கூட்டமா இருக்கும். இப்பவே கெளம்புனாத்தான் சரியா இருக்கும்" என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். ரத்னாவிடம் எனக்குப் பலகாரம் கட்டிக்கொடுக்கச் சொன்னார். வாசல் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது ஓடவில்லை.

வளைவுக்குக் கீழே காருக்காக நின்றபோது ரத்னா சொன்னார்: "இத்தன வருஷம் யாராவது கேட்டா, நான் லேட்டாப் போயிட்டேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாரு அக்கா. இனிமே என்ன சொல்வாரு?"

பலகாரப் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். கார் வந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. பாட்டை இணையத்தில் ஏற்றியவருக்கு எழுதி, பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் என்று நாராயணனின் பெயரைச் சேர்க்கச் சொன்னேன், சேர்த்துவிட்டார். அதைச் சொல்லி ரத்னாவுக்கு எழுதினேன். நன்றி என்று ஒரு வார்த்தை வந்தது. மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. நான் போனது சரிதானா என்று நீங்கள் கேட்டால், சனிக்கிழமையோடு திரும்பியிருந்தால் அவருக்கு நல்லது, எனக்குக் கெட்டது என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் போனது யாருக்காக என்ற கேள்வியைத் தள்ளிவைக்க முடியவில்லை. அன்று மேடையில் யாரும் சிரித்துவிடக்கூடாது என்று என்னைப் பற்றி மட்டும் நினைத்தேன். இந்த முறையும் அப்படித்தானோ என்னவோ.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். கிள்ளானிலிருந்து போய்வர, தங்கும் செலவையும் சேர்த்து, எனக்கு 180 வெள்ளிக்குள் முடிந்தது. சனி, ஞாயிறு மாலைகளில் டவுனுக்குள் காரில் போகாதீர்கள். நடந்தால் பாதி நேரம்தான் ஆகும். தொப்பி, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சிட்டி கம்போங்கில் இருப்பவை ஜனங்கள் குடியிருக்கும் வீடுகள். வாசலில் நின்று படம் எடுக்கும் முன் கேளுங்கள். சின்ன அருங்காட்சியகம் ஒன்று உண்டு, திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

என்னைப் போல யாரையாவது பார்த்துப் பேசுவதற்காகப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. போகும்போதே திரும்பி வரும் டிக்கெட்டையும் எடுத்துவிடாதீர்கள். நான் சிக்கனம் பார்த்து இரண்டையும் சேர்த்து எடுத்திருந்தேன். பஸ் எத்தனை மணிக்கு என்று அவர் கேட்டபோது, சொல்வதற்கு என்னிடம் ஒரு நேரம் தயாராக இருந்தது.